மரபணு மாற்று உணவா, மரபணு மாற்றிய உணவா?

"மரபணு மாற்றுக் கடுகு", "மரபணு மாற்றுக் கத்தரிக்காய்", "மரபணு மாற்று உணவால் ஆபத்தா?" என்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இந்தக் கடுகைப் பயிரிட அனுமதிக்கலாமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். அந்த வாரம் முழுவதும் இதே சொல்தான் கண்ணில் பட்டது. இது பிழையான சொல். அதுவும் படிப்பவரை வேறு பொருளுக்கு இழுத்துக்கொண்டு போகும் பிழை.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். ‘ஜீன்’ என்ற சொல்லை 1909-இல் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன். பிறப்பு, குலம் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து எடுத்தார். தமிழில் மரபு, அணு இரண்டும் சேர்ந்து மரபணு. அணு என்றதும் இயற்பியல் அணுவை நினைக்க வேண்டியதில்லை. நுண்ணிய பொருள் எதையும் அணு என்பது நம் பழைய வழக்கு. மரபு என்ற சொல்லுக்கு இன்னும் பழைய உரிமை உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பையும் பேசுகிறது. அந்தத் தலைப்பையே இன்று ஓர் அறிவியல் துறைக்குப் பெயராக வைத்திருக்கிறோம், பொருத்தமான தேர்வுதான். இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு, பிறப்புரிமையியல் என்று வரும். பரம்பரையலகு தெளிவான சொல். பிறப்புரிமையியல் என்றால் இங்குள்ளவர்களுக்குச் சொத்துரிமைதான் நினைவுக்கு வரும். ஆக, மரபணுவோடு எனக்கு வழக்கில்லை. அதன் பின்னால் ஒட்டவைக்கும் சொல்லோடுதான் வழக்கு.

மாற்று என்றால் தமிழில் என்ன பொருள்? மாற்றுத் துணி, மாற்றுச் சாவி, மாற்றுப் பாதை, மாற்று மருத்துவம், மாற்று எரிபொருள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்னும்போது பொன்னின் தரம். பெயருக்கு முன்னே அடையாக வந்து நிற்கும் மாற்று, ‘பதிலானது’ என்ற பொருளைத்தான் தரும். அப்படியானால் ‘மரபணு மாற்று உணவு’ எதற்குப் பதிலான உணவு? மாற்று உணவு என்றால் அரிசிக்குப் பதில் வரகும் சாமையும் உண்பது என்று ஒரு விவசாயி நினைத்தால் அவர் மேல் குற்றமில்லை. ‘மாற்று வேளாண்மை’ என்ற தொடர் இயற்கை வேளாண்மை இயக்கத்தில் பல காலமாகப் புழங்கி, நல்ல பெயரும் பெற்றுவிட்டது. அந்த இயக்கம் எதை எதிர்க்கிறதோ அதற்கே அந்தச் சொல்லைச் சூட்டுவது எவ்வளவு பெரிய குழப்பம்!

இதற்கு மறுப்பாக ‘உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை’யைக் காட்டுகிறார்கள். அது வழக்கில் ஊன்றிவிட்ட தொடர், அதே முறையில் இதையும் அமைத்தோம் என்கிறார்கள். அந்த எடுத்துக்காட்டே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. கல்லீரல் மாற்று என்றால் கெட்டுப்போன கல்லீரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருவருடையதை வைப்பது. ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. பி.டி. கத்தரியில் நடந்தது அதுவல்ல. கத்தரியின் மரபணு எதையும் எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கவில்லை. மண்ணில் வாழும் ‘பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற பாக்டீரியாவின் மரபணு ஒன்று கத்தரிக்குள் கூடுதலாகப் புகுத்தப்பட்டது. அந்தப் பாக்டீரியாவின் பெயரிலுள்ள முதலெழுத்துகள்தான் ‘பி.டி.’. தண்டையும் காயையும் துளைக்கும் புழு செடியைக் கடித்தால், அந்த மரபணுவால் செடியே உண்டாக்கும் நச்சுப்புரதம் புழுவின் குடலைச் சிதைக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேச்சே இதில் இல்லை. மாற்று என்று எழுதும்போது, அயல் உயிரிலிருந்து ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்ற செய்தி முழுதாக மறைந்துபோகிறது. மக்கள் கவலைப்படுவதே அதைப் பற்றித்தான்.

சரி, ‘மரபணு மாற்றம்’ என்று எழுதலாமே என்பார்கள். அது பிழையல்ல, ஆனால் போதாது. மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை. தோன்று என்பதிலிருந்து தோற்றம் வருவதைப் போல, மாறு என்பதிலிருந்து மாற்றம் வருகிறது. தானாக மாறினாலும் மாற்றம், ஒருவர் மாற்றினாலும் மாற்றம். கொரோனா காலத்தில் ‘மரபணு மாற்றமடைந்த வைரஸ்’ என்று தினமும் படித்தோம். அது எந்த ஆய்வகத்தாரும் கைவைக்காமல், வைரஸ் பெருகும்போது நேர்ந்த மாற்றம். தமிழ்நாட்டுப் பாடநூல் அதற்குச் சடுதி மாற்றம் என்ற சொல்லை வைத்திருக்கிறது, இலங்கையில் விகாரம் என்பார்கள். இரண்டையும் விட்டுவிட்டு இதையும் மரபணு மாற்றம், அதையும் மரபணு மாற்றம் என்று எழுதினால், "இயற்கையிலேயே மரபணு மாற்றம் நடக்கிறதே, பிறகென்ன அச்சம்?" என்று வாதாடுபவருக்கு வேலை மிக எளிதாகிவிடுகிறது. அந்த வாதம் அறிவியலால் வென்றதல்ல, சொல் குழம்பியதால் வென்றது.

ஆகவே நான் ‘மரபணு மாற்றிய பயிர்’ என்று எழுதுகிறேன். ‘மாற்றப்பட்ட’ என்பதும் சரிதான், பொருள் பிசகாது. ஆனால் தமிழுக்கு அந்தப் ‘பட்ட’ தேவையே இல்லை. வறுத்த கடலை, அவித்த முட்டை, புழுக்கிய நெல் என்றுதான் சொல்கிறோம். வறுக்கப்பட்ட கடலையை யாரும் கடையில் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில வாக்கியத்தை முன்னே வைத்துக்கொண்டு எழுதுவதால் சமைக்கப்பட்ட உணவு, பதப்படுத்தப்பட்ட மீன், தடைசெய்யப்பட்ட மருந்து என்று எழுத்தெல்லாம் பட்டுப்பட்டே கிடக்கிறது. மாற்றிய என்றாலே மாற்றியவர் ஒருவர் இருக்கிறார் என்பது புலப்படும். அயல் உயிரின் மரபணு வந்திருப்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அயல் மரபணு புகுத்திய பயிர்’ என்று விரித்து எழுதலாம். ‘மரபணு மேம்படுத்திய’ என்ற விதை நிறுவனங்களின் சொல்லை நான் ஏற்க மாட்டேன். மேம்பட்டதா இல்லையா என்பதுதானே வழக்கு? தீர்ப்பைப் பெயருக்குள்ளேயே எழுதிவைத்தால் பிறகு விசாரணை எதற்கு? அரசுக்கே இது உறைத்தது. இத்தகைய பயிர்களைப் பரிசீலிக்கும், மரபணுப் பொறியியல் ‘ஒப்புதல்’ குழு என்றிருந்ததன் பெயர் 2010-இல் ‘மதிப்பீட்டு’க் குழு என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகு, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு உருவாக்கிய பயிர் அது.

எதிர்ப்பாளர்களிடமும் எனக்கு மனக்குறை உண்டு. விதையில்லாத் தர்பூசணி, நீளமான ஹைபிரிட் தக்காளி, ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசி எல்லாவற்றையும் ‘மரபணு மாற்றியது’ என்று பகிர்கிறார்கள். ஹைபிரிட் என்பது வீரிய ஒட்டு: ஒரே இனத்தின் இரு வகைகளை மகரந்தம் சேர்த்துக் கலப்பது. செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த மணிகள் கலந்திருக்கும், அவ்வளவே. இந்தியாவில் விவசாயிகள் பயிரிட அனுமதித்த மரபணு மாற்றிய பயிர் பருத்தி ஒன்றுதான், 2002 முதல். இதைச் சொன்னதும் "பருத்தியை யார் உண்கிறார்கள்?" என்பார்கள். மதுரைத் தெருவோரத்தில் மாலை நேரத்தில் கொதிக்கும் பருத்திப்பாலைப் பாருங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல். நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. என்றால் அந்தக் கொட்டை எங்கிருந்து வந்திருக்கும்? மாட்டுக்கு வைக்கும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும், பருத்தி எண்ணெயும் அதே கொட்டையிலிருந்துதான். கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கும்போது, தக்காளியைக் காட்டி அச்சுறுத்துவது கவலையின் மதிப்பைக் குறைக்கிறது.

இன்னொரு சொல் இதைவிடக் கேடு செய்கிறது: ‘களைக்கொல்லி எதிர்ப்புப் பயிர்’. காதில் விழும்போது நல்லதாகத் தோன்றும். நோய் எதிர்ப்பு, பூச்சி எதிர்ப்பு என்பவற்றின் வரிசையில் நஞ்சையே எதிர்க்கும் பயிர் போலிருக்கிறது. நடப்பது நேர்மாறு. அந்தப் பயிர் களைக்கொல்லியைத் தாங்கிக்கொள்ளும். அதனால் பயிர் நிற்கும்போதே வயல் முழுவதும் தெளிக்கலாம். சுற்றியுள்ள பச்சையெல்லாம் காயும், பயிர் மட்டும் நிற்கும். நஞ்சு குறைவதற்கு அல்ல, தாராளமாகத் தெளிப்பதற்கே வழிசெய்த பயிர் அது. ‘களைக்கொல்லி தாங்கும் பயிர்’ என்று எழுதினால் மண்ணையும் குளத்தையும் பற்றிய கேள்வி உடனே எழும். அமெரிக்காவில் 1996-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்தது. ஆண்டுதோறும் ஒரே கொல்லியைத் தெளித்ததில், நம் தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த பால்மர் என்ற களை அதற்கு மசியாமல் வளரக் கற்றுக்கொண்டது. எதிர்ப்பு என்ற சொல் அந்தக் களைக்குத்தான் பொருந்தும். நம் கடுகிலும் குளூபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ‘பார்’ மரபணு இருக்கிறது. அது விதை உற்பத்திக்கு மட்டுமே தேவை என்று உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். விவசாயி வயலில் தெளிக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். ‘எதிர்ப்புக் கடுகு’ என்று படித்தவருக்கு இந்த வழக்கு என்னவென்றே விளங்காது.

அதே பார் மரபணு கொண்ட ‘எல்.எல். 601’ என்ற நெல்லுக்கு அப்போது விற்பனை அனுமதியே இருக்கவில்லை. ஆனாலும் 2006-இல் அமெரிக்க நீள அரிசியில் அது கலந்திருப்பது தெரியவந்தது. ஜப்பான் அந்த அரிசியை வாங்குவதை நிறுத்தியது. விலை சரிந்தது. 2011-இல் அந்த நெல்லின் உரிமையாளரான பேயர் நிறுவனம் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இத்தகைய நிகழ்வைத் தமிழில் ‘மரபணுக் கலப்படம்’ என்று எழுதுகிறார்கள். கலப்படம் என்பது மிளகில் பப்பாளி விதையைக் கலக்கும் வியாபாரியின் வேலை, தெரிந்தே செய்வது. இங்கே இழப்புக்கு ஆளான விவசாயியின் தலையில் அந்தச் சொல் பழியை ஏற்றிவிடுகிறது. ‘மரபணு மாசு’ என்பதே சரி. ஆற்றில் கலந்த சாயக்கழிவு வெள்ளத்தில் ஓரளவு அடித்துக்கொண்டு போகும். விதைக்குள் புகுந்த மாசோ அடுத்த பருவத்தில் முளைக்கும், பூக்கும், மகரந்தமாகப் பறக்கும்.

இப்போது புதிதாக வந்திருப்பது, ‘ஜீன் எடிட்டிங்’ என்பதற்கு வழங்கும் ‘மரபணுத் திருத்தம்’. 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் வகைகளை அறிவித்தார். அவற்றில் கமலா என்பது சம்பா மசூரியிலிருந்து வந்தது. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்ற பெயரில் விற்கும் பி.பி.டி. நெல்தான் அந்தச் சம்பா மசூரி. அதன் மரபணு ஒன்றைக் குறித்த இடத்தில் வெட்டி, கதிரில் மணி கூடும்படி செய்திருக்கிறார்கள். அயல் மரபணு இல்லை என்பதால் இவ்வகைப் பயிர்களுக்கு 2022 மார்ச்சிலேயே விதிமுறைகளில் பெரும் விலக்கு தரப்பட்டது. அந்த விலக்கு சரியா என்ற விவாதம் நடக்கிறது, நடக்க வேண்டும். ஆனால் திருத்தம் என்றால் என்ன? பிழையைத் திருத்துகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம், மேடுபள்ளமான நிலத்தைத் திருத்துகிறோம். திருத்தம் என்றதுமே முன்பிருந்தது கோணல் என்றாகிவிடுகிறது. சம்பா மசூரியில் என்ன பிழை இருந்தது? போதாததற்கு ஒற்றை நாற்று நடவுக்கு ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று வேளாண் துறையே பெயர் வைத்து, அது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. திருந்திய நெல்லும் மரபணு திருத்திய நெல்லும் ஒரே அறிவிப்புப் பலகையில் வந்தால் விவசாயி எதை எதென்று பிரித்தறிவார்? ‘எடிட்டிங்’ என்று அப்படியே எழுதுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது தீர்ப்பு எதையும் ஒளித்துவைக்கவில்லை. தமிழில்தான் வேண்டுமென்றால் ‘மரபணு வெட்டி மாற்றிய நெல்’ என்று எழுதலாம். வெட்டியது தெரிகிறது, மாற்றியவர் இருப்பது தெரிகிறது. அயல் மரபணு சேரவில்லை என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.