டிக்கெட்டில் ஏழு மணி நேரம், வானத்தில் நாலரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பாதி நேரம் கடிகாரக் கணக்குச் சொல்லவே போய்விடுகிறது. சென்ற மாதம் ஓர் அம்மா வந்தார். மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவன் துபாயில். இரண்டு டிக்கெட்டையும் மேசையில் விரித்து, “சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரம், துபாய்க்கு மூன்று மணி நேரமா? துபாய் அவ்வளவு பக்கமா தம்பி?” என்று கேட்டார்.

சென்னையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 2,900 கிலோமீட்டர். டிக்கெட்டில் அச்சாகும் மணி அந்தந்த ஊர் மணி என்பதுதான் சூட்சுமம். இரவு 11.15-க்குக் கிளம்பிக் காலை 6.10-க்குச் சிங்கப்பூரில் இறங்கினால், அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அதைக் கழித்தால் 4 மணி 25 நிமிடம். துபாய் ஒன்றரை மணி பிந்தியது, அங்கே கூட்ட வேண்டும். புதுச்சேரிக்காரர்களின் பாரிஸ் இன்னும் குழப்பம்: குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை.

இணையத்தில் தூரத்தைத் தட்டினால் வரும் பயண நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது நேர்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், எதிர்க்காற்றும் அதில் இருக்காது. மேலைக்காற்று பலமாக வீசும் குளிர்காலத்தில், துபாய்க்குப் போவதைவிடத் திரும்பி வருவதற்குக் கால் மணியோ அரை மணியோ குறையும்.

இதெல்லாம் தெரியாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நள்ளிரவுத் தேதிதான் ஆளைக் கவிழ்த்துவிடும். ‘15-ஆம் தேதி 00.40’ என்றால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் 12.40. ஒரு குடும்பம் 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டிகளோடு என் கடை வாசலில் காரை நிறுத்தி, “போய் வருகிறோம்” என்றது. விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. பணம் திரும்பவில்லை. தவறு எனக்கும் உண்டு. வாயால் தேதியை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அதற்கு மேல் சாலை. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையம், லாஸ்பேட்டையிலிருந்தே ஏறலாமே என்பார்கள். அங்கே ஓடுபாதை 1,500 மீட்டர்தான், சிறிய விசிறி விமானங்களோடு சரி. கடலூரிலிருந்து மீனம்பாக்கம் 170 கிலோமீட்டர் போல. ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் மாட்டினால், துபாய்க்குப் பறக்கும் நேரம் இதற்கே ஆகிவிடும். கவுன்டரோ பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே மூடிவிடும்.

இப்போது ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் சிவப்புப் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்: “14-ஆம் தேதி, மாலை 5 மணி, வீட்டு வாசலில் கார்.”