தம்பி தனியாக வரட்டும்

ஆலோசனைக்குத் தாயும் மகனும் சேர்ந்து வந்திருந்தார்கள். மகனுக்கு 26 வயது; பொறியியல் முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குப் படிக்கிறார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரவில் தூக்கம் வருகிறதா என்று அவரிடம் கேட்டேன். "ரெண்டு மணி வரைக்கும் போனையே பாத்துக்கிட்டிருக்கான் மேடம்" என்றார் அம்மா. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கும் அவர் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகே அவர் வாய் திறந்தார். "இப்ப என்ன தம்பி பண்றே" என்ற கேள்விக்குப் பயந்து சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டதையும், முடிவெட்டக் காசு கேட்ட அன்று "உன் வயசுல நான் உன் அத்தைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சேன்" என்று அப்பா சொன்னதையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அப்பா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருடைய கணக்கு இன்றைக்குச் செல்லாது. 2024 ஜனவரியில் குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

வேலை கிடைக்காதது மட்டுமே சிக்கல் என்று நான் நினைக்கவில்லை. சம்பளம் வரும்வரை மகனைக் குழந்தையாகவே வைத்துச் சோறு போட்டு, தட்டையும் கழுவிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று கேட்பது நம் வீடுகளின் வழக்கம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட ஆண்கள் சுமார் 26 சதவீதம்; பெண்கள் 81 சதவீதம். அடுப்படிக்குள் விடப்படாத பையனுக்குத் தன்னால் ஒரு நாளை நடத்த முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இப்படிப்பட்டவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிவருவதில்லை. எரிச்சலாகவும் குடியாகவும், பூட்டிய அறைக்கதவாகவும் வருவதால் வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உயிரை விடும் எண்ணம் பேச்சில் தலைகாட்டினால் தாமதிக்காமல் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழைக்கலாம்.

அவருக்கு நான் கொடுத்த வேலைகள் சிறியவை: தன் துணியைத் தானே துவைப்பது, வாரம் இருமுறை வீட்டுக்குச் சமைப்பது, அடுத்த முறை பஸ் ஏறித் தனியாக வருவது. வேறு நிறுத்தத்தில் இறங்கிவிட்டு, வெயிலில் நடந்து, பத்து நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தார். அதற்குள் அம்மா எனக்கு மூன்று முறை போன் செய்திருந்தார். அடுத்த வாரம் அவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.