குளோப்ஸ்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

போன வாரமும் ஒரு காணொளித் தலைப்பு: "கடற்கரையில் ஒதுங்கிய கோள அரக்கன்!" இதே சொல்லை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

மூலச் சொல் குளோப்ஸ்டர்: கரை ஒதுங்குகிற, என்ன விலங்கு என்று பார்த்ததும் தெரியாத சதைக் குவியலுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர். 1960இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், மேற்குக் கரையில், கண்ணும் தலையும் எலும்பும் தெரியாத ஒரு பெரிய சதைக் குவியல் ஒதுங்கியது. 1962இல் அதைப் பற்றி எழுதிய எழுத்தாளர் ஐவன் சாண்டர்சன், கொழகொழவென்ற கட்டியைக் குறிக்கும் குளோப் (glob) என்ற ஆங்கிலச் சொல்லோடு மான்ஸ்டர் என்பதன் வாலை ஒட்டி இதை உண்டாக்கினார். பிறப்பு அவ்வளவுதான்.

கோளம் எங்கிருந்து வந்தது? உலக உருண்டையைக் குறிக்கிற குளோப் (globe) வேறு, கட்டியைக் குறிக்கிற சொல் வேறு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், தமிழில் எழுதினால் அதுவும் போய்விடும். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கரையில் கிடப்பது உருண்டையாகவும் இருப்பதில்லை, பரந்து சரிந்துதான் கிடக்கிறது.

அதைவிட என்னை உறுத்துவது அரக்கன். மூலத்திலேயே மான்ஸ்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சரி. ஆனால் சாண்டர்சன் அறியப்படாத பெருவிலங்குகள் உண்டு என்று நம்பியவர், தன் நம்பிக்கையைச் சொல்லுக்குள் வைத்தார். அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பெயரை முதலில் வைத்துவிட்டு உடலைப் பிறகு பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவே சாட்சி. 1896இல் செயின்ட் அகஸ்டின் அருகே ஒன்று ஒதுங்கியது. யேல் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் வெரில், உடலை நேரில் பார்க்காமலே அதை ராட்சத ஆக்டோபஸ் என்று முடிவுகட்டி அறிவியல் பெயரும் சூட்டிவிட்டார். 1897இல் திசுத் துண்டு கைக்கு வந்ததும் இது திமிங்கலத்துடையது என்று தன் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனாலும் ஆக்டோபஸ் கதை நூறு ஆண்டு ஓடியது. பேராசிரியருக்கே அந்தக் கதி என்றால், அரக்கன் என்று படித்துவிட்டு உள்ளே போகிற பள்ளிப்பிள்ளை என்ன நினைக்கும்?

உண்மையில் நடப்பது இதுதான். திமிங்கலம் செத்துக் கடலில் மிதந்து அழுகும்போது எலும்புக்கூடு கழன்று மூழ்கிவிடும். தோலடிக் கொழுப்புப் பகுதி மட்டும் மிஞ்சும். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்கள் எளிதில் அழுகாமல், வெளுத்த தேங்காய் நார்போலப் பிரிந்து நிற்கும். அதைத்தான் பார்ப்பவர்கள் முடி என்கிறார்கள். பாஸ்கிங் சுறா என்ற பெரிய சுறா வகை என்றால் வேறு மாதிரி: தாடையும் செவுள்களும் முதலில் விழுந்துவிட, சின்ன மண்டையோடும் நீண்ட முதுகெலும்பும் மிஞ்சி, கழுத்து நீண்ட விலங்குபோலத் தெரியும். 1808இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கியதைக் கடல்பாம்பு என்றே நம்பினார்கள். அதுவும் பாஸ்கிங் சுறாதான் என்று உடற்கூறியல் அறிஞர் எவரார்ட் ஹோம் சொன்னார்.

"மர்ம உயிரினம்" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. செத்து, அழுகி, பாதி கரைந்த ஒன்றை உயிரினம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? தனித்தமிழ் அன்பர்கள் "ஊன்திரள்" என்கிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் திரள் என்றாலே இன்று மக்கள் திரள்தான் கண்முன் வருகிறது, ஊனும் பேச்சில் இல்லை. சதைப்பிண்டம் என்று சொல்லிப் பாருங்கள், பாட்டிக்கும் புரியும். பிண்டம் வடசொல், திதியில் வைப்பது என்று மறுப்பு வரும். உருவமில்லாத கட்டி என்ற பொருளில் அது நம் வாயில் நெடுங்காலமாகப் புழங்குகிறது, அதற்குமேல் எனக்குச் சான்று வேண்டாம்.

கடல் தள்ளிவிட்டதற்கு நம்மிடம் அருமையான சொல் தயாராகவே இருக்கிறது: ஒதுங்குதல். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் திமிங்கலங்கள் கூட்டமாக வந்து கிடந்தபோது கரை ஒதுங்கின என்றுதானே எல்லாரும் சொன்னோம்? அதையும் பிண்டத்தையும் சேர்த்தால் ஒதுங்குபிண்டம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. என்ன விலங்கு என்று இந்தப் பெயர் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. இந்தச் செய்திகளில் எல்லாம் "விலங்கு அடையாளம் காணப்பட்டது" என்று வருகிறது. அடையாளம் காட்டுவது பிணவறையில் உறவினர் செய்வது. எந்த வகை விலங்கு என்று கண்டுபிடிப்பதற்கு இனங்காணல் என்று துல்லியமான சொல் கையிலிருக்க, ஏன் அதைத் தொடுவதே இல்லை? ஸ்பெர்ம் திமிங்கலத்தை "விந்துத் திமிங்கலம்" என்று எழுதியதையும் பார்த்தேன், அன்று உண்மையிலேயே மனம் நொந்துபோனது. அம்பர்கிரிஸ் என்ற வாசனைப் பொருளைத் தரும் திமிங்கலம் என்று எழுதியிருந்தால் படிப்பவருக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

அந்தக் காணொளிக்காரர் சொன்ன சிலி நாட்டுச் செய்தியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 2003இல் சிலியின் லாஸ் முவேர்மோஸ் கடற்கரையில் 12 மீட்டர் நீளமும் 13 டன் எடையுமுள்ள ஒதுங்குபிண்டம் ஒன்று கிடந்தது, தோலிலிருந்த சுரப்பிகளையும், பின்னர் டிஎன்ஏவையும் ஆராய்ந்து, அது அம்பர்கிரிஸ் தரும் திமிங்கலம் என்று இனங்கண்டார்கள்.