இன்பாக்ஸுக்கு வந்த மெயில் என்றால் நம்பலாமா?

"சார், ஸ்பாமுக்குப் போகாமல் நேராக இன்பாக்ஸுக்குத்தானே வந்தது?"

மெயில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளர். வழக்கமாக நூல் அனுப்பும் சப்ளையர் பெயரில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்திருக்கிறது. புதிய கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டார்.

ஸ்பாம் ஃபில்டர் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே, கொண்டுவந்தவர் யார் என்று பார்க்கிறது. அனுப்பிய சர்வரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் அடையாள எண், ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப் பட்டியல்களில் இருக்கிறதா? மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் டொமைன் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா? இது எஸ்பிஎஃப். டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா? இது டிகிம். நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு இவை பொருந்துகின்றனவா? இது டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது.

அப்புறம்தான் உள்ளடக்கம். 'லாட்டரி' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் மெயில் ஸ்பாம் ஆகிவிடாது. ஸ்பாம்அசாசின் என்ற ஃபில்டர் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது. வழக்கமான அமைப்பில் கூட்டுத்தொகை 5 ஆனால் ஸ்பாம்.

சரி, கணக்காளருக்கு வந்த மெயில் எப்படித் தப்பியது? சப்ளையரின் டொமைனில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில், 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்துகள். சேர்த்துப் பார்த்தால் 'எம்' போலவே தெரியும். அந்த டொமைனை மோசடிக்காரரே காசு கொடுத்து வாங்கி, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்திருந்தார். மூன்றிலும் 'பாஸ்'. மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதைத்தான் அந்தச் சோதனைகள் சொல்லும். டொமைன் யாருடையது, அவர் நல்லவரா என்று சொல்லாது. உள்ளேயும் லிங்க் இல்லை, அட்டாச்மென்ட் இல்லை. மரியாதையான நான்கு வரிகள். ஃபில்டர் எதற்கு மதிப்பெண் போடும்?

வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு.

அந்தக் கணக்காளர் வேலை போய்விடுமோ என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளிகளே, உங்கள் ஆட்கள் தவறு செய்தால் அதே நிமிடம் உங்களிடம் ஓடிவரும் தைரியத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.