எல்எஸ் காலி என்றால் காலியா?

சில வருடங்களுக்கு முன் லினக்ஸில் ஒரு புராஜெக்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். கோப்புகளை நகர்த்தும் எம்வி கட்டளையும், பெயர்களுக்குப் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறியும் போட்டேன், எல்லாம் நகர்ந்தது. பழைய ஃபோல்டரில், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தேன், ஒன்றும் வரவில்லை. சரி, காலி என்று, ஃபோல்டரை உள்ளிருப்பதோடு நீக்கும் ஆர்எம் -ஆர் போட்டு அழித்துவிட்டேன். அதற்குள் புராஜெக்டின் மாற்ற வரலாறு இருக்கும் .கிட் ஃபோல்டர் இருந்தது, வெளியே எங்கும் அனுப்பாத (புஷ் செய்யாத) ஒரு வாரத்து கமிட்டுகளோடு, அதாவது பதிவு செய்த மாற்றங்களோடு. இத்தனை வருடம் சர்வர் பார்த்த ஆள் செய்கிற வேலையா!

புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் கேட்டால்தான் காட்டும். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷில் வெறும் நட்சத்திரக் குறியும் அவற்றைத் தொடாது, அதனால்தான் நகர்த்தும்போது விட்டுப்போனதும் பார்க்கும்போது தெரியாமல் போனதும் ஒரே கோப்புகள், ஒரு தவறை இன்னொன்று அழகாக மூடிவிடும். சர்வர் மாற்றிய பிறகு தளம் திறக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால் தளத்தின் அமைப்புகள் இருக்கும் .என்வி வந்ததா, .எச்டிஅக்சஸ் வந்ததா என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்த மறைப்பு யோசித்துச் செய்த ஏற்பாடுகூட இல்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் இருக்கும். அந்த இரண்டையும் பட்டியலில் விடுவதற்காக, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள், புள்ளியில் தொடங்கும் மற்றதெல்லாம் சேர்ந்து மறைந்தது என்று லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதினார்.

எனவே எல்எஸ் -எல்ஏ என்று அடிக்கப் பழகுங்கள், எல் விவரங்களையும் ஏ மறைந்தவற்றையும் காட்டும். அந்த இரண்டு புள்ளி வரிகள் தொந்தரவாக இருந்தால் சின்ன ஏ-க்குப் பதில் பெரிய ஏ. காலி ஃபோல்டரை அழிக்க ஆர்எம் வேண்டாம், ஆர்எம்டிர் போதும், உள்ளே ஒரு மறைந்த கோப்பு இருந்தாலும் அது மறுத்துவிடும். அன்று நான் அதைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நட்சத்திரக் குறியோடு எதையாவது அழிப்பதாக இருந்தால், அதே வரியை முதலில் எல்எஸ் போட்டு ஓடவிட்டு, என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் ஆர்எம் ஆக்குங்கள்.

எல்எஸ் -எல் பட்டியலில் ஃபோல்டருக்கு நேராக அளவு 4096 பைட் என்று வந்தால் உள்ளே இருப்பது அவ்வளவுதான் என்று நம்புபவர்களும் உண்டு. அது ஃபோல்டரின் பெயர்ப்பட்டியல் பிடித்திருக்கும் இடம் மட்டுமே, உள்ளடக்கத்தின் அளவுக்கு டியூ -எஸ்எச் இருக்கிறது.

சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் பார்க்கும்போதுதான் இதெல்லாம் உண்மையில் கடிக்கும். மூன்று புள்ளி மட்டும் பெயராக வைத்த ஃபோல்டர், புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விட்ட ஃபோல்டர் எல்லாம் பழைய தந்திரங்கள், -ஏ போட்டாலும் அவசரக் கண்ணுக்கு அவை வழக்கமான புள்ளிகள் மாதிரியே தெரியும். -எல் காட்டும் தேதியையும் அப்படியே நம்பாதீர்கள், டச் கட்டளையால் அதைப் போன வருடத்துக்குத் தள்ளிவிடலாம். நான் எல்எஸ் -எல்சி போட்டும் பார்ப்பேன். உரிமையோ பெயரோ உள்ளடக்கமோ கடைசியாக மாறிய நேரம் அதில் வரும், அதை டச் கொண்டு நினைத்த தேதிக்கு மாற்ற முடியாது. இரண்டு தேதியும் பொருந்தாத கோப்பைத்தான் முதலில் திறப்பேன்.