சஸ்டெயினபிள்: குன்றக் கூடாதது எது?

புறநகர்ச் சாலையில் ஒரு விளம்பரப் பலகை: 'நிலையான வீடுகள் விற்பனைக்கு'. நிலையில்லாத வீட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று சிரித்துவிட்டு, கீழே பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. மழைநீர்த் தொட்டி, சூரிய மின்தகடு, கழிவுநீர் மறுசுத்திகரிப்பு. 'சஸ்டெயினபிள்' என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள்.

சொல்லின் வேர் இலத்தீன். 'சப்' என்றால் கீழ், 'தெனேரே' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்த 'சஸ்டினேரே' கீழிருந்து தாங்கிப் பிடிப்பதைக் குறித்தது. ஆனால் இன்றைக்கு நாம் இந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருளுக்கு வித்திட்டது ஜெர்மானியக் காடு. சாக்சனி நாட்டின் பிரைபெர்க் நகரில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. தாதுவை உருக்க விறகு, சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டை என்று வெட்டி வெட்டிச் சுற்றுவட்டாரக் காடுகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. சுரங்க நிர்வாகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713-இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். காட்டை 'நாக்ஹால்டன்ட்' முறையில் பயன்படுத்த வேண்டும் என்றார். 'நாக்' என்றால் பின், 'ஹால்டன்' என்றால் பிடித்துவைத்தல். முளைத்து வளரும் அளவுக்கு மேல் வெட்டாதே என்பதுதான் விஷயம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், விதைநெல்லை உலையில் போடாதே.

கவனியுங்கள், இதைச் சொன்னவர் இயற்கை ஆர்வலர் அல்ல. வெள்ளி உருக்க விறகு தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்ட அதிகாரி.

ஜெர்மன் வனவியலின் இந்தக் கணக்கு பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. இந்தியாவுக்கும் வந்தது, 1864-இல் இங்கே முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியான டீட்ரிச் பிராண்டிஸ் ஒரு ஜெர்மானியர். அப்புறம் 1987-இல், நார்வே பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தந்த அறிக்கைதான் 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்பதை உலகம் முழுக்கப் பரப்பியது. வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி என்று அது வரையறுத்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நிலையான வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி என்று நாலும் புழக்கத்தில் இருக்கின்றன. இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பார்கள். 2017-இல் அங்கே இதற்கென்று ஒரு சட்டமே வந்தது.

'நீடித்த' எனக்கு ஒட்டவில்லை. நீடித்த காய்ச்சல், நீடித்த இழுபறி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் ஒரு சலிப்பு இருக்கிறது. 'நிலையான' என்பதில்தான் உண்மையான சிக்கல். ஆண்டுக்கு ஆண்டு பொருளாதாரம் தடுமாறாமல் ஏறினால் அதையும் நிலையான வளர்ச்சி என்றுதானே எழுதுகிறோம்? அடைமொழி வளர்ச்சியோடு ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சிதான் நிற்க வேண்டும், மற்றது எக்கேடு கெட்டாலும் சரி என்று ஆகிவிடுகிறது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாலாற்றங்கரை சாட்சி. அங்கே தோல் தொழில் நன்றாகவே வளர்ந்தது, அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. கூடவே கழிவு நீர் ஆற்றிலும் வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிர்செய்ய லாயக்கற்றுப் போனதாகச் சொல்லும் ஆய்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்ற பழைய எதிர்நிலை இனி செல்லாது, விடை 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்'தான் என்றது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பாலாற்றில் வளர்ச்சி நிலைத்தது, வளம் குன்றியது.

அதனால் என் வாக்கு 'வளங்குன்றா' என்பதற்கே. வளம் + குன்றா. 'குன்றாத' என்பதில் ஈறு கெட்டு நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சம். வாடாமல்லி, செல்லாக்காசு போல. குன்றுதல் ஒன்றும் புழங்காத சொல் அல்ல, 'விளைச்சல் குன்றியது' என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே. எது குறையக் கூடாது என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் இதன் பலம். ஆங்கிலச் சொல் அதைச் சொல்வதில்லை.

குறையும் உண்டு. 2015-இல் ஐ.நா. வகுத்த 17 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' இலக்குகளில் வறுமை ஒழிப்பு, பாலினச் சமத்துவம், கல்வி எல்லாம் அடக்கம். வளம் என்ற சொல் அவ்வளவையும் சுமக்குமா? கொஞ்சம் திணறும். அங்கே இலங்கைத் தமிழரின் 'நிலைபேறு' பொருத்தமாகவே இருக்கிறது. வேளாண்மைக்கும் காட்டுக்கும் மீன்பிடிக்கும் வளங்குன்றா என்று தயங்காமல் எழுதலாம். ஒரு நாட்டின் கடனைப் பற்றிய பேச்சில் இதே 'சஸ்டெயினபிள்' வந்தால் இரண்டுமே வேண்டாம். 'தாங்கக்கூடிய கடன்' என்றால் போதும், இலத்தீன் வேரும் அதைத்தான் சொல்கிறது. அந்த விளம்பரப் பலகை வீட்டுக்கு? 'நீரும் மின்சாரமும் மிச்சமாகும் வீடு' என்று எழுதியிருந்தால் நான் பொடி எழுத்தைத் தேடியிருக்க மாட்டேன்.