வீட்டுச் சாமான்களுக்கு எத்தனை கன அடி? வீடு மாறுமுன் போட வேண்டிய கணக்கு

வீடு மாற்றித் தரும் எங்கள் தொழிலில் 'சர்வே' என்று ஒரு வேலை உண்டு. சாமான்களை ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்னதாக ஒருவர் வீட்டுக்கு வந்து, அறை அறையாகப் பார்த்து, என்னென்ன போகிறது, அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எழுதிக்கொண்டு போவார். எந்த வண்டி, எத்தனை ஆட்கள், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும். சென்னையில் பல ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இதுதான். ஏற்றும் நாளன்று வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு தவறாகப் போடப்பட்டதால், அல்லது போடப்படாமலே விலை சொல்லப்பட்டதால் வருபவை. வீட்டுக்காரர்களும் இந்தக் கணக்கை ஓரளவு தெரிந்துவைத்திருந்தால் அந்த நிலை வராமல் தடுக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் விலை கேட்பவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை பெட்ரூம் சார்?" என்பது. இரண்டு என்றால் ஒரு தொகை, மூன்று என்றால் இன்னொரு தொகை என்று உடனே பதில் வந்துவிடும். ஆனால் அறைகளின் எண்ணிக்கை சாமான்களின் அளவைச் சொல்வதில்லை. கல்யாணமாகி ஒரு வருடமான தம்பதியின் இரண்டு படுக்கையறை வீட்டில் இருநூறு கன அடிகூடத் தேறாத சாமான்களைப் பார்த்திருக்கிறேன். அதே அடுக்ககத்தில், அதே அளவு வீட்டில், முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களிடம் அறுநூறு கன அடியைத் தாண்டியும் பார்த்திருக்கிறேன்.

எடையை வைத்து ஏன் கட்டணம் போடுவதில்லை என்று பலர் கேட்பார்கள். வீட்டுச் சாமான்கள் பொதுவாக எடை குறைந்தவை, இடம் அதிகம் அடைப்பவை. அமெரிக்காவில் இத்தொழிலில் இருப்பவர்கள் ஒரு கன அடி வீட்டுச் சாமானுக்கு 7 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3.2 கிலோ என்று நீண்ட காலமாகவே தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி 400 கன அடிச் சாமான்கள் சுமார் 1,270 கிலோதான் வரும். பதினாலடி நீள லாரி அதைவிடப் பல மடங்கு எடையைச் சுமக்கக்கூடியது. எடைக்கு வண்டி திணறுவதற்கு வெகுநேரம் முன்பே இடம் தீர்ந்துவிடுகிறது என்பதால், விலையையும் இடத்தை வைத்தே போடுகிறோம்.

இனி வண்டியின் பக்கம் வருவோம். 2005-இல் டாடா ஏஸ் வந்தபிறகு, 'குட்டி யானை' என்று ஊரெல்லாம் அழைக்கும் அந்த வண்டிதான் உள்ளூர் மாற்றங்களுக்கு முதல் தேர்வாகிவிட்டது. வெளியூருக்கு என்றால் மூடிய லாரிகள்: பதினாலடி, பதினேழடி, பத்தொன்பதடி என்று நீளத்தை வைத்துப் பெயர். பதினாலடி வண்டியின் உள்ளளவை 14 × 6 × 6 என்று வைத்துக்கொண்டால் 504 கன அடி. பதினேழடி வண்டி 17 × 6 × 7 என்றால் 714. (வண்டிக்கு வண்டி அகலமும் உயரமும் சற்று மாறும், ஆகவே நீளத்தை மட்டும் கேட்காமல் மூன்று அளவுகளையும் கேளுங்கள்.)

504 கன அடி வண்டியில் 504 கன அடிச் சாமான் ஏறாது. நாற்காலிக் கால்களுக்கிடையே, சோபாவின் முதுகுச் சரிவுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் கூரைக்கும் நடுவே என்று இடம் வீணாகிக்கொண்டே போகும். தேர்ந்த ஆட்கள் தலையணை, துணி மூட்டை, பாய் என்று அந்தச் சந்துகளில் திணித்து இடத்தை மீட்பார்கள். அப்படியும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரப்ப முடியும் என்று நான் கணக்குப் போடுவதில்லை. அதாவது பதினாலடி வண்டிக்கு என் எல்லை 403 கன அடி, பதினேழடிக்கு 571.

பொருட்களை அளப்பது கடினமான வேலையன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் போதும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம் உள்ள இரும்பு பீரோ ஏறக்குறைய 31 கன அடி. ஆனால் சில பொருட்கள் கண்ணை ஏமாற்றும். '250 லிட்டர் ஃபிரிட்ஜ்' என்று சொன்னால், அந்த 250 லிட்டர் உள்ளே வைக்கும் கொள்ளளவு. அது 9 கன அடிகூட இல்லை. வெளிச்சுவரும், பின்னால் இருக்கும் கம்பிரஸரும், நாங்கள் சுற்றும் பபிள் ஷீட்டும் அட்டையும் சேர்ந்தால் ஐந்தடி உயரம், இரண்டடி அகலம், இரண்டேகால் அடி ஆழம் என்று வண்டியில் 22 கன அடியைப் பிடித்துவிடும். 55 அங்குல டிவி என்பதில் 55 என்பது மூலைக்கு மூலை அளவு. பாதுகாப்பாகக் கட்டியபின் எட்டு, ஒன்பது கன அடிதான் வரும். ஆனால் அதை நிற்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், அதன்மேல் வேறெதையும் சாய்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட அதிகம் விழுங்குவது சோபா. ஆறரை அடி நீள மூவர் சோபா ஒன்று மட்டுமே 51 கன அடி. அதனுடன் இரண்டு ஒற்றை இருக்கைகள் சேர்ந்தால் செட்டுக்கு 95. மறுபுறம், பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் கட்டில், கழற்றிவிட்டால் பலகைகளாக அடங்கி 16 கன அடிக்குள் வந்துவிடும். கால் கழற்றிய சாப்பாட்டு மேசையும் அப்படித்தான், 25 கன அடி ஐந்தாகச் சுருங்கும். கழற்ற முடியுமா என்பதைச் சர்வேயின்போதே திருப்புளி வைத்துப் பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்த ஆணியும், தச்சர் பசை வைத்து இறுக்கிய மூட்டும் கழறாது என்பது ஏற்றும் நாளில் தெரிந்தால் கணக்கு முழுவதும் கவிழும்.

என் கணக்கு ஒருமுறை அப்படிக் கவிழ்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நங்கநல்லூரில், பணி ஓய்வு பெற்ற தம்பதி. மகன் வீட்டருகே குடியேறக் கோயம்புத்தூர் போகிறார்கள். பீரோ 31, இரட்டைக் கட்டிலும் மெத்தையும் 32, திவானும் மெத்தையும் 19, சோபா செட் 95, மேசையும் நான்கு நாற்காலிகளும் 32, ஃபிரிட்ஜ் 22, வாஷிங் மெஷின் 12, டிவி 8, அட்டைப் பெட்டிகள் இருபத்தைந்து என்று 84, ஸ்கூட்டர் 52. கூட்டினால் 387. பதினாலடி வண்டிக்குள் அடங்கும் என்று எழுதினேன். கூடத்தின் பரணுக்கு மரக்கதவு போட்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்ததைக் கவனித்த அந்த அம்மா, "அங்க ஒண்ணும் இல்ல தம்பி, பழைய சாமான்தான்" என்றார். 'ஒன்றும் இல்லை' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏற்றும் நாளில் அந்தக் கதவு திறந்தது. நான்கு டிரங்குப் பெட்டிகளில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கோலுக்கு நடுவே படுக்கவைத்த கொலு பொம்மைகள். 32 கன அடி. மடக்கிக் கட்டிய இரும்புக் கொலுப்படி 10. ஓர் அண்டா, இரண்டு தவலை, சாக்கில் கட்டிய குத்துவிளக்குகள் 16. இலவம்பஞ்சு மெத்தைச் சுருள் 12. ஆக 70. பொம்மைகளில் சில அவருடைய மாமியாரின் சீராக வந்தவை. அவற்றை விட்டுச் செல்லும் பேச்சே இல்லை. 457 கன அடியை அந்த வண்டியில் எப்படி அடுக்கினாலும் அடைக்க முடியவில்லை. இரண்டு முறை இறக்கி ஏற்றினோம். கடைசியில் ஸ்கூட்டரை இறக்கி வைத்தபின்தான் கதவு சாத்தியது. மறுவாரம் பெட்ரோலை வடித்துவிட்டு அதை ரயில் பார்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் அந்தச் செலவை அவர்களிடம் கேட்டது. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தும், பாதித் தொகையை அவர்கள்தான் கொடுத்தார்கள். அது நியாயமில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பரணைத் திறந்து பார்த்திருந்தால் முதலிலேயே பதினேழடி வண்டி எழுதியிருப்பேன். அவர்களும் முழு விலையைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருப்பார்கள்.

அதன்பிறகு ஏணி இல்லாமல் நான் சர்வேக்குப் போவதில்லை. பரண், கட்டிலுக்கு அடியில் உள்ள இழுப்பறை, பால்கனி, மாடிப்படிக்குக் கீழ், அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஓரமாகக் கிடக்கும் சைக்கிள், மொட்டைமாடித் தொட்டிச் செடிகள்: கணக்கில் விடுபடுபவை இவைதாம். செடி ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரியும். ஆனால் அதன்மேல் எதையும் அடுக்க முடியாது என்பதால் தொட்டியின் அளவை விட்டுவிட்டு இலை நுனி வரை உயரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சிறியதுதான், ஆனால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். எதை விட்டுச் செல்கிறீர்கள், எதைப் பழைய சாமான்காரருக்குப் போடப் போகிறீர்கள் என்பதையும் சர்வேக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கி வைத்தவை பெரும்பாலும் வண்டியில்தான் ஏறுகின்றன.

அட்டைப் பெட்டிகளின் எண்ணிக்கையில்தான் இரு தரப்பும் அதிகமாகத் தவறு செய்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினெட்டு அங்குலமான பெட்டி ஒன்று 3.375 கன அடி. அலமாரியின் ஒரு தட்டுத் துணி ஏறக்குறைய ஒரு பெட்டி ஆகும். சமையலறையில் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும்; பீங்கான், கண்ணாடிச் சாமான்கள் காகிதம் சுற்றியபின் ஊதிப் பெருகி, அலமாரியில் இருந்ததைப் போல் இருமடங்கு இடம் கேட்கும். புத்தகங்களை அந்தப் பெரிய பெட்டியில் நிரப்பினால் ஒரு பெட்டி அறுபது கிலோவரை போய்விடும். தூக்குபவரின் இடுப்பு ஒடியும், பெட்டியின் அடியும் பிய்யும். ஓரடி அகலம், ஓரடி உயரம், ஒன்றரை அடி நீளப் பெட்டிதான் புத்தகத்துக்குச் சரி. ஆகவே வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தால் சர்வேக்கு வருபவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை மாறும், ஆட்களின் எண்ணிக்கையும் மாறலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு இதே கணக்கு கன மீட்டரில் வரும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. விமானத்தில் அனுப்பும்போது கன சென்டிமீட்டரை 6,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, உண்மை எடையுடன் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். அந்தப் பதினெட்டு அங்குலப் பெட்டி இதன்படி 16 கிலோ. ஐந்து கிலோ தலையணைகளை அதில் அனுப்பினாலும் 16 கிலோவுக்குத்தான் பணம்.

இப்போது வீடியோ அழைப்பிலேயே சர்வே செய்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைபேசியை வேகமாகச் சுழற்றிக் காட்டாமல், ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டி, பெரிய சாமான்களுக்கு அருகே அளவுநாடாவைப் பிடித்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு. தெருவையும் காட்டுங்கள். பதினேழடி வண்டி நுழையாத சந்து என்றால், குட்டி யானையில் ஏற்றி முனைக்குக் கொண்டுபோய் மறுபடி பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த இரட்டை வேலைக்கான கூலி விலைப்புள்ளியிலேயே வந்துவிட வேண்டும்.

அந்த விலைப்புள்ளியில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருள்வாரியான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கன அடி, கூட்டுத்தொகை, வண்டியின் உள்ளளவு, பட்டியலுக்கு மேல் ஏதாவது சேர்ந்தால் கன அடிக்கு எவ்வளவு என்ற வீதம், இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டால் முதலில் அவர்கள் போட்ட கன அடியை ஒப்பிடுங்கள், பிறகு ரூபாயை. இருவர் 450 என்று எழுதிய வீட்டுக்கு ஒருவர் மட்டும் 300 என்று எழுதி விலையைக் குறைத்திருந்தால், மீதி 150 கன அடிக்கான பணம் ஏற்றும் நாளில் வாசலில் வைத்து உங்களிடம் கேட்கப்படும். மற்றவர்களின் சாமான்களோடு ஒரே வண்டியைப் பங்கிட்டு, அதாவது பார்ட் லோடில் போவதானால் இதில் இன்னும் கவனம் தேவை. அங்கே நீங்கள் பணம் கொடுப்பதே பிடித்த இடத்துக்குத்தான் என்பதால், கணக்கைக் கூட்டி எழுதினாலும் உங்களுக்கு நட்டம், குறைத்து எழுதினாலும் உங்கள் சாமான்களில் சில குடோனில் தங்கும்.

பட்டியலின் அடியில் நீங்களும் சர்வேக்கு வந்தவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் நாளில் "சாமான் அதிகமா இருக்கு" என்று மேற்பார்வையாளர் சொன்னால், வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன்பே அந்தப் பிரதியை எடுத்து, பட்டியலில் இல்லாத பொருட்களை மட்டும் தனியே ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். அவற்றை நாடா வைத்து அளந்து, எழுதிய வீதத்தால் பெருக்கி வரும் தொகையைக் கொடுத்தால் போதும்.